ஐம்பத்தைந்து கிலோ

எங்கள் ஊர்க் கபடிச் சங்கத்துக்கு ஆண்டு விழா மலர் போடுகிறார்களாம். சங்கத்தின் வரலாற்றை இரண்டு பக்கத்துக்கு எழுதித் தர வேண்டும் என்று நாலு பையன்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். "பெரியப்பா, நீங்கதான் மொத கேப்டன். நல்லதா நாலு வார்த்தை எழுதிக் குடுங்க" என்றான் ஒருவன். முதல் பக்கத்தில் யார் படம் என்று கேட்டேன். அருப்புக்கோட்டைக் கமிஷன் கடை முதலாளி படம் என்றார்கள். அவர் செத்துப் பல வருஷமாகிறது. மாலை போட்ட படத்தை அவர் மகன்கள் கொடுத்திருக்கிறார்கள். சங்கத்தை வளர்த்தவர் என்று கீழே போடுவார்களாம். எனக்கு வந்ததே கோபம்! ஆனாலும் எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். இது இரண்டு பக்கத்தில் அடங்காது. அவர்கள் போடவும் மாட்டார்கள். போடாவிட்டால் போகட்டும்.

சங்கத்தைத் தொடங்கியது எண்பதுகளின் ஆரம்பத்தில். திருச்சுழி பஸ்ஸில் இறங்கி இரண்டு மைல் உள்ளே நடந்தால் எங்கள் ஊர். ஆடுகளம் கண்மாய்க்குள்தான். வருஷத்தில் பத்து மாதம் கண்மாய் வறண்டு கிடக்கும், கல் இல்லாத மெத்தென்ற மண், விழுந்தால் அடிபடாது. ஒரு வருஷம் ஊரே மழைக்காக முளைப்பாரி எடுத்தது. நாங்கள் பன்னிரண்டு பேர் மட்டும், மழை பெய்து களம் முங்கிவிடக் கூடாதே என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டு நின்றோம். மழை வரவில்லை. எங்கள் வீட்டு மிளகாய்ச் செடியும் சேர்ந்துதான் கருகியது. அது எங்களுக்கு உறைக்கவே இல்லை. அப்படி ஒரு கிறுக்குப் பிடித்துத் திரிந்தோம்.

எங்கள் பக்கம் அந்தக் காலத்தில் கபடிப் போட்டி என்றால் எடை வைத்துத்தான் நடத்துவார்கள். ஆளுக்கு ஐம்பத்தைந்து கிலோவுக்கு மேல் இருக்கக் கூடாது என்று நோட்டீஸிலேயே போட்டிருக்கும். போட்டி அன்று காலையில் எடை போடுவார்கள். கூடி நின்றால் வெளியே. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. எலும்பு பெருத்த, அறுபதுக்குப் பக்கத்தில் இருக்கிறவனைப் பிடித்து, பட்டினி போட்டு, ஓடவைத்து, வற்றவைத்து ஐம்பத்தைந்துக்குக் கொண்டுவந்து விட்டால், எதிரணியில் உள்ள நிஜமான ஐம்பத்தைந்து கிலோக்காரன் அவன் முன்னால் நிற்க முடியாது. எங்கள் சங்கம் கோப்பை கோப்பையாக வாங்கியது அந்தச் சூட்சுமத்தால்தான். அதைக் கொண்டுவந்தவன் நான். சங்கத்தில் அதற்குக் காயப்போடுவது என்று பெயர். களத்து மேட்டில் மிளகாயைக் காயப்போட்டால் எடை குறைகிறதல்லவா, அதே வேலைதான்.

எப்படிக் காயப்போடுவோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், மலரில் போட ஆசைப்படுவார்கள். போட்டிக்கு மூன்று நாள் முன்னால் சோறு கிடையாது. முந்தின நாளில் இருந்து தண்ணீர் கிடையாது. உச்சி வெயிலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கண்மாய்க்குள் ஓட வேண்டும். வாயில் புளியை அடக்கிக்கொண்டு ஊறுகிற எச்சிலை எல்லாம் துப்ப வேண்டும். மொட்டை போட்டால் நாலு வெற்றிலை எடையாவது குறையும் என்று மொட்டையும் அடித்துவிடுவோம். நின்றவன் காலில் புளியம் விளாரால் அடிப்பது என் பொறுப்பு. இன்னொன்றும் நான் கண்டுபிடித்ததுதான். காய்கிறவன் தண்ணீர் கேட்டால் ஒரு செம்பு தண்ணீரைக் கொண்டுவந்து, அவன் கண் முன்னாலேயே மெதுவாகத் தரையில் ஊற்றுவேன். அதைப் பார்த்தால் மனசு கெட்டிப்படும் என்று சொல்லுவேன். எல்லாரும் கெக்கெக்கே என்று சிரிப்பார்கள். காய்கிறவனும் சிரிப்பான், மறுமுறை அடுத்தவன் காயும்போது அவன் பார்க்கலாமே.

எங்கள் அணியில் எதிரணிக் களத்துக்குள் பாடிப் போகிறவன் ஒருவன் இருந்தான். எனக்கு மாமன் மகன் முறை. என் வயதுதான், இருபத்திரண்டு. அவன் அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார், அம்மா ஒரு ஏக்கர் மானாவாரியில் மிளகாய் போட்டு அவனை வளர்த்தாள். மற்றவர்கள் எல்லாம் தொண்டை கிழியப் பாடிக்கொண்டு போவார்கள். அவன் போவது தெரியாது. கபடி, கபடி என்று முனகிக்கொண்டே போய், யாரையோ பார்ப்பது போல் நின்று, விரல் நுனியால் ஒருவனைத் தொட்டுவிட்டுக் கோட்டுக்கு வந்துவிடுவான். தொடப்பட்டவனுக்கே நடுவர் சொன்னால்தான் தெரியும். அந்த மூச்சை எங்கே வைத்திருந்தான் என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.

இனி முதலாளிக்கு வருகிறேன். எங்கள் சுற்றுவட்டாரத்து மிளகாய், மல்லி எல்லாம் அவர் கடைக்குத்தான் போகும். எங்களுக்குப் பனியன் எடுத்துக் கொடுத்தவர் அவர். முதுகில் எண் சின்னதாகவும் கடைப் பெயர் பெரியதாகவும் இருக்கும். எடை பார்க்கவும் அவர் கடைக்குத்தான் போவோம். மூட்டையை வைக்கிற இரும்புத் தட்டும், எதிரே நிமிர்ந்த தண்டில் நகர்த்துகிற குண்டுமாக ஒரு எடை மிஷின் அங்கே இருந்தது. சனிக்கிழமை சந்தை நாளில் எங்களை வரச் சொல்லுவார். கடை நிறைய வெள்ளாமை செய்கிற சம்சாரிகள் மூட்டையோடு உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் நடுவில் எங்களை ஒவ்வொருவராகத் தட்டில் ஏற்றி, குண்டை நகர்த்தி, "அம்பத்தஞ்சு! பாத்துக்கோங்க, ஊசி முனை கூடல, கொறையல" என்று சத்தமாகச் சொல்லுவார். பிறகு எல்லாருக்கும் டீயும் பன்னும் வரும். நமக்கு எவ்வளவு மரியாதை பார் என்று பூரித்துப்போவோம். ஏன் சந்தை நாளாகப் பார்த்துக் கூப்பிடுகிறார், ஏன் ஆள் நிறைந்திருக்கும்போது ஏற்றுகிறார் என்று பன்னிரண்டு பேரில் ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. பன் அவ்வளவு ருசியாக இருந்தது.

ஒரு சனிக்கிழமை, நாங்கள் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அந்த மாமன் மகனின் அம்மா மூட்டையோடு வந்தாள். எடை போட்டதும் சண்டைக்கு நின்றுவிட்டாள்.

"இது கொறையுது மொதலாளி. ஏங்கையால நாப்பது கிலோ அளந்து போட்டுத் தச்ச மூட்ட. இம்புட்டுக் கொறையாது" என்றாள்.

"வார வழியில காஞ்சிருக்கும்மா. மொளகான்னா ஈரம் வத்தத்தான செய்யும்" என்றார் அவர்.

"பஸ்ஸுல ஒரு மணி நேரத்துலயா காயும்?"

முதலாளி எங்களைப் பார்த்துச் சிரித்தார். அவனுக்கு மானம் போய்விட்டது. எழுந்து போய், "ஏ ஆத்தா, வாய மூடிட்டுப் போ. ஒனக்கு என்ன தெரியும் எடையப் பத்தி?" என்று எல்லார் முன்னாலும் கத்தினான். நான் சும்மா இருந்திருக்கலாம். "அத்தே, நாங்க பன்னெண்டு பேரு இதுலதான் ஏறி நிக்கிறோம். இந்த எடைய வச்சுத்தான் போட்டிக்குப் போறோம். ஒரு எடத்துல எவனாவது தப்புன்னு சொல்லியிருக்கானா? இது பொய் சொல்லுமா?" என்றேன். மற்ற சம்சாரிகள் எல்லாம் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அவள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சாக்கை உதறி மடித்துக்கொண்டு போனாள்.

நான் சொன்னது ஒருவகையில் உண்மைதான். போன இடத்தில் எல்லாம் எடை சரியாகத்தான் இருந்தது. சுற்றியுள்ள ஊர்ப் போட்டிகளில் எடை போட மிஷின் எங்கே இருந்து வரும்? ஏதாவது ஒரு கமிஷன் கடையில் இருந்து இரவல் வாங்கி வருவார்கள். எல்லாம் சம்சாரியிடம் வாங்குகிற கடை மிஷின்கள்.

அந்த வருஷம் மாசிப் பொங்கல் ஆட்டத்தில் அவனைப் பார்த்த ஒருவர், மேற்கே ஒரு நூல் மில்லில் ஆபீசர். மில்லுக்கென்று கபடி அணி வைத்திருந்தார்கள், நன்றாக ஆடுகிறவனுக்கு வேலை கொடுத்து வைத்துக்கொள்வார்கள். மே மாதம் மில் மைதானத்தில் போட்டி, அங்கே வந்து ஆடு, மேனேஜர் கண்ணில் பட்டால் அடுத்த மாதமே வேலை என்று சொல்லிவிட்டுப் போனார். அதில் இருந்து அவனுக்கு வேறு பேச்சே இல்லை. "லைன் வீடு குடுப்பாங்களாம் மாப்ள. கொழாயத் தொறந்தா தண்ணி வருமாம். எங்காத்தாவ இந்தக் காட்ட விட்டுக் கெளப்பிறணும்" என்பான். கண்மாய்க் கரையில் உட்கார்ந்து அந்தக் குழாயைப் பற்றியே பேசுவான். கடையில் வைத்துக் கத்தியதற்குப் பிறகு அவள் அவனோடு சரியாகப் பேசுவதில்லை. வேலை கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தான்.

மில்லுக்குக் கிளம்புகிற முந்தின நாள் கடை மிஷினில் ஏறினோம். அவன் ஏற்கெனவே நாலு நாள் காய்ந்தவன். சரியாக ஐம்பத்தைந்து. முதலாளி முதுகில் தட்டி அனுப்பினார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மில் மைதானத்தில் எடை. காயாமலேயே கடை மிஷினில் ஐம்பத்தைந்து நிற்கிறவன் நான், அதனால் மில் மிஷினில் முதலில் நான் ஏறினேன். குண்டு ஐம்பத்தேழில் போய் நின்றது. இறங்கி மறுபடி ஏறினேன். ஐம்பத்தேழு. அடுத்தவன் ஐம்பத்தாறே முக்கால். மாமன் மகனும் ஐம்பத்தேழு. பெருவெட்டான ஆறு பேரும் இரண்டு கிலோ பக்கம் கூடி நின்றோம். எனக்குப் பொறுக்கவில்லை. "ஒங்க மிஷினு தப்பு! ஆளப் பாத்து எடை போடுறீகளா?" என்று குதித்தேன். எடை போட்ட மில் கிளார்க் சண்டைக்கு வரவில்லை. சாவகாசமாகப் போய் அரசாங்க முத்திரை குத்திய பத்துக் கிலோ இரும்புக் கல் ஐந்தைத் தூக்கி வந்து தட்டில் அடுக்கினார். குண்டை நகர்த்தினார். சரியாக ஐம்பதில் தண்டு சமமாக நின்றது.

மாமன் மகன் அப்படியே தரையில் உட்கார்ந்தான். "மாப்ள… எங்காத்தா சொன்னது நெசந்தான்" என்றான்.

அப்போதுதான் எங்கள் எல்லாருக்கும் மண்டையில் ஏறியது. ஐம்பத்தைந்துக்கு இரண்டு கிலோ என்றால் மூட்டைக்கு எவ்வளவு, வருஷத்துக்கு எத்தனை மூட்டை, எத்தனை வீடு! சனிக்கிழமை சனிக்கிழமை தட்டில் ஏறி நின்று, இந்த மிஷின் பொய் சொல்லாது என்று ஊருக்கே சாட்சி சொன்னது நாங்கள்தான். அதற்கு எங்களுக்குப் பனியனும் பன்னும். சே!

"ஊருக்குப் போனதும் நீ வந்து சொல்லணும் மாப்ள" என்றான் அவன். "கடையில வச்சுச் சொல்லணும், எல்லாரும் இருக்கப்ப. அன்னைக்கு நானும் நீயும் சேந்துதான அவளக் கேவலப்படுத்துனோம்."

"சொல்றேன்டா. மொதல்ல எந்திரி. ஓடு" என்றேன்.

மதியம் இரண்டு மணிக்கு, ஆட்டம் தொடங்கும் முன் கோட்டுப் பக்கத்திலேயே மறுபடி எடை போடுவோம், அதற்குள் இறங்கினால் ஆடலாம் என்று மில்காரர்கள் சொல்லியிருந்தார்கள். நான் என் பெயரை அடித்தேன். இன்னும் நாலு பேர் பெயரையும் அடித்துவிட்டு, கூட வந்திருந்த நோஞ்சான் பையன்களைப் போட்டேன். கேப்டன் ஓட வேண்டுமா என்ன? ஆனால் அவன் இல்லாமல் கோப்பை கிடையாது. அவனுக்கும் வேலை கிடையாது. ஏற்கெனவே காய்ந்து கிடந்தவனை மறுபடியும் காயப்போட்டேன்.

மே மாத வெயில். மில் கம்பளி ஒன்றை வாங்கிப் போர்த்திவிட்டேன். மைதானத்தைச் சுற்றி ஓடினான். முதல் அரை மணி நேரம் வியர்த்தது. பிறகு வியர்வை நின்றுவிட்டது, தோல் மட்டும் கொதித்தது. பதினொன்றரைக்கு ஒரு கிலோ இறங்கியிருந்தது. பன்னிரண்டரைக்கு என் முன்னால் வந்து நின்று, "முடியல மாப்ள. அடுத்த வருசம் பாத்துக்கிறலாம்" என்றான். வார்த்தை குழறியது. நான் என்ன செய்தேன் தெரியுமா? மில் குழாயில் ஒரு செம்பு தண்ணீர் பிடித்துவந்து அவன் காலடியில் ஊற்றினேன். "அடுத்த வருசமா? அதுவரைக்கும் ஒங்காத்தா அந்தக் காட்டுல கெடந்து சாகட்டும், என்ன?" என்றேன். நோஞ்சான் பையன்கள் பழக்க தோஷத்தில் சிரித்தார்கள். அவன் அந்த ஈரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். சிரிக்கவில்லை. திரும்பி ஓடினான்.

இரண்டு மணிக்கு ஐம்பத்தைந்து. அதற்கு மேல் ஒரு இழை இல்லை. உடனே விசில் அடித்துவிட்டார்கள். ஒரு வாய் தண்ணீர் கொடுத்தேன், வாந்தியாக வெளியே வந்தது.

முதல் பாட்டில் இரண்டு பேரைத் தொட்டு வந்தான். மேனேஜர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டதை நான் என் கண்ணால் பார்த்தேன். அடுத்த பாட்டில் ஒருவன். மூன்றாவது பாட்டில் ஒருவனைத் தொட்டுவிட்டுத் திரும்பினான். கோட்டுக்கு இரண்டு எட்டு இருக்கும்போது கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது, அப்படியே நின்றுவிட்டான். நாலு பேர் மேலே விழுந்தார்கள். முழங்கால் உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது, காய்ந்த விறகு ஒடிகிற சத்தம். ஆட்கள் விலகியபோதும் அவன் கை கோட்டை நோக்கி நீண்டுதான் இருந்தது, ஒரு சாண் குறைவு. உதடு மட்டும் கபடி, கபடி என்று அசைந்தது. ஆபீசர் ஓடிவந்து அவன் வாயைத் திறந்து பார்த்தார். நாக்கு வெடித்துக் கிடந்தது. "ஏய்யா, நீங்கள்லாம் மனுசங்கதானா?" என்று என்னைக் கேட்டார். மேனேஜர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

ஆஸ்பத்திரியில் அவனைச் சேர்த்துவிட்டு, ஊருக்குக்கூடப் போகாமல் நேரே அருப்புக்கோட்டைக்குப் போனேன். முதலாளி சட்டையைப் பிடிப்பது என்றுதான் போனேன். போய்க் கத்தவும் செய்தேன். அவர் கடைக் கதவைச் சாத்தினார், எனக்கு ஒரு காபி வரவழைத்தார். "இது இன்னைக்கு நேத்து நடக்குறதில்ல தம்பி. எந்தக் கடைக்கும் போ, இப்பிடித்தான்" என்றார். பிறகு என்ன படித்திருக்கிறாய் என்று கேட்டார். எஸ்.எஸ்.எல்.சி. பெயில் என்றேன். "மிஷின்ல நிக்க நம்பிக்கையான ஆளு வேணும். திங்கக்கெழமையே வந்துரு" என்றார். தங்கை கல்யாணம், அப்பா சீக்கு என்று ஏதாவது காரணம் சொல்லலாம். எனக்குத் தங்கையே கிடையாது, அப்பா கல்லு மாதிரி இருந்தார். நிழலில் நிற்கிற வேலை, மின்விசிறி உண்டு. சரி என்றேன். காபியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். பதினொரு வருஷம் அந்த மிஷினில் நின்றேன்.

மற்ற பத்துப் பேருக்கும் அந்த வருஷம் புதுப் பனியன் வந்தது, கால்சட்டையும் சேர்த்து. அவர்களும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் அவன் கட்டுப் போட்ட காலோடு ஊருக்கு வந்து அம்மாவிடம் சொல்லிவிட்டான். அவள் ஊரெல்லாம் சொன்னாள். அடுத்த சனிக்கிழமை எங்கள் ஊர்ச் சம்சாரிகள் மொத்தப் பேரும் கடையில் கூடிவிட்டார்கள். முன்னால் அவள், மூட்டையோடு.

"எடை பொய்யின்னு எம்மவன் சொல்றான்" என்றாள்.

"ஒம்மவன் வேலை போன எரிச்சல்ல பேசுறான்" என்றார் முதலாளி. "இந்தா நிக்கிறாரு ஒங்க ஊருக் கேப்டன். அவரும்தான அங்க போனாரு. அவரே சொல்லட்டும்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அவள் முதலாளியை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"நீ ஏறி நில்லுய்யா" என்றாள்.

ஏறினேன். கடைப் பையன் ஒருவன் வந்து குண்டை நகர்த்தினான். ஐம்பத்தைந்தில் நின்றது.

"அங்க மில்லுல ஏறுனப்ப எம்புட்டு இருந்த?" என்று கேட்டாள்.

அவளுக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

"அம்பத்தஞ்சுதான் அத்தே" என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன்.

"சரிய்யா. எறங்கு" என்றாள். "மூட்டைய ஏத்து."

இறங்கி, அவளுடைய நாற்பது கிலோ மூட்டையைத் தூக்கித் தட்டில் வைத்தேன். குண்டை நகர்த்தினேன். முப்பத்தெட்டரை என்று சத்தமாகச் சொன்னேன்.